கிப்லா: தொழுகைத் திசையின் வரலாறு

உலகின் எப்பகுதியில் வாழ்ந்தாலும், எம்மொழியைப் பேசினாலும், முஸ்லிம்கள் தொழுகைக்கென நிற்குமிடத்து ஓர் இடத்தை நோக்கியே நிற்கின்றனர். அவ்விடம் அரபு நாட்டின் மக்கா நகரிலுள்ள கஃபா எனும் பழம்பெரும் இல்லம். ஏறக்குறைய 13 மீற்றர் உயரமுள்ள அந்தக் கற்கட்டடத்தை நோக்கும் திசையே கிப்லா எனப்படுகிறது. பள்ளிவாசற் சுவரிலே குழிவாக அமைக்கப்படும் மிஹ்ராப் எனும் மாடம் அத்திசையைக் காட்டுவது. உணவுக்காக அறுக்கப்படும் பிராணியும் அத்திசை நோக்கிக் கிடத்தப்படுகிறது. இறந்தவரின் உடல் கப்றிலே வலப்புறமாகச் சாய்த்து, முகம் அத்திசையை நோக்குமாறு வைக்கப்படுகிறது. இவ்வாறு தொழுகையில் நோக்கிய திசை மண்ணறை வரையும் மனிதனைத் தொடர்ந்து வருகிறது.

கஃபாவின் அருகிலே தொழுவோர் அதனைச் சூழ்ந்து வட்டமாக அணிவகுக்கின்றனர். அந்த வட்டத்தைச் சுற்றி மற்றொரு வட்டம். அதனையும் சுற்றி இன்னொரு வட்டம். இந்த வட்டங்கள் விரிந்து விரிந்து கடலையும் மலையையும் கடந்து செல்வதாக எண்ணினால், உலகிலுள்ள பள்ளிவாசல்கள் யாவும் அவற்றிலே ஒவ்வோர் இடத்தைப் பெற்று நிற்பது தெரியவரும். மக்காவுக்குக் கிழக்கே உள்ளவர் மேற்கு முகமாகவும், மேற்கே உள்ளவர் கிழக்கு முகமாகவும் நிற்கின்றனர். திசைகள் வேறு, நோக்குமிடம் ஒன்று.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்விதியினுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. கண்ணுக்குத் தெரியாத தொலைவிலுள்ள ஓரிடத்தின் திசையை அறிவது எவ்வாறு என்பது ஒன்று. முன்னோர் நோக்கிய திசை வேறாயிருந்ததெனப் பின்னர் தெரியவந்தால், அவர்கள் தொழுத தொழுகை என்னாவது என்பது மற்றொன்று. முதலாவது வினா அறிவைப் பற்றியது. இரண்டாவது வினா உள்ளத்தைப் பற்றியது. கிப்லாவின் வரலாறு தொடங்குவது இந்த இரண்டாவது வினாவோடுதான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கி.பி. 622ஆம் ஆண்டிலே மக்காவை நீங்கி மதீனாவை அடைந்தார்கள். அங்கு அவர்களும் தோழர்களும் முதலில் ஜெருசலேமை, அதாவது பைத்துல் முகத்தஸை, நோக்கியே தொழுதுவந்தனர். மக்காவில் வாழ்ந்த காலத்தில் கஃபாவும் ஜெருசலேமும் ஒருங்கே முன்னிற்கத்தக்க இடத்திலே நபிகளார் நின்று தொழுதார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. மதீனாவில் அது இயலாததாயிற்று. மதீனா மக்காவுக்கு வடக்கே, நேர்கோட்டில் ஏறக்குறைய 340 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. ஜெருசலேமோ மதீனாவுக்கு வடமேற்கே உள்ளது. ஆகவே அங்கு ஒன்றை நோக்கி நிற்பவர் மற்றொன்றுக்கு முதுகு காட்டியே நிற்க வேண்டும்.

இந்நிலை 16 அல்லது 17 மாதங்கள் நீடித்தது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டிலே, கி.பி. 624இன் தொடக்கத்தில், கஃபாவை நோக்குமாறு கட்டளை பிறந்தது. திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் அதனைக் கூறுகிறது. நபிகளார் வானை நோக்கி முகத்தைத் திருப்பித் திருப்பி அக்கட்டளையை எதிர்பார்த்திருந்ததையும் அவ்வத்தியாயமே குறிப்பிடுகிறது.

செய்தி ஊரெங்கும் ஒரே வேளையிற் சென்று சேரவில்லை. மதீனாவின் புறத்தேயுள்ள குபாவிலே மக்கள் அதிகாலைத் தொழுகையில் நின்றிருந்தனர். அவர்களின் முகம் வடதிசையை நோக்கியிருந்தது. அவ்வேளை அங்கு வந்த ஒருவர் புதிய கட்டளையை அறிவித்தார். தொழுகையை அவர்கள் முறிக்கவில்லை. நின்ற நிலையிலேயே தெற்கு முகமாகத் திரும்பினர். பின்வரிசை முன்வரிசையாயிற்று. முன்னே நின்ற இமாம் பின்னே நடந்து மறுபுறம் சேர வேண்டியதாயிற்று. மதீனாவில் இன்றும் விளங்கும் மஸ்ஜிதுல் கிப்லத்தைன், அதாவது இரு கிப்லாக்களின் பள்ளிவாசல், இத்தகைய ஒரு திருப்பத்தின் நினைவையே தன் பெயராகக் கொண்டுள்ளது.

ஒரே தொழுகையின் முற்பாதி ஒரு திசையிலும் பிற்பாதி எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. அதன் இரு பாதிகளும் ஏற்கப்பட்டன. ஆயினும் மக்களின் மனத்திலே ஐயம் எழாமலில்லை. நேற்றுவரை நோக்கிய திசையை விட்டு இன்று திரும்பியது ஏன் என்று மதீனாவிலே சிலர் ஏளனமாக வினவினர். யூதக் குலத்தாரோடு கொண்டிருந்த தொடர்பு மாறியதையும், புதிய சமுதாயம் தனித்த உருப் பெற்றதையும் இம்மாற்றத்தோடு இணைத்துப் பிற்கால வரலாற்றாசிரியர் பலர் விளக்கியுள்ளனர்.

ஆனால், தோழர்களை வருத்திய வினா வேறு. அந்த இடைக்காலத்தில் அவர்களுள் சிலர் இறந்துபோயினர். அவர்கள் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் புதிய திசையை நோக்கித் தொழுதவர்களல்லர். இனித் திரும்பி நிற்க அவர்களால் இயலாது. அவர்கள் தொழுதவை யாவும் வீணாயினவோ என்று உறவினரும் நண்பரும் கலங்கினர். இறைவன் அவர்களுடைய நம்பிக்கையை வீணாக்குபவன் அல்லன் என்பதே திருக்குர்ஆன் அளித்த விடையின் சாரம். மெய்யுணர்வோடு நோக்கிய பழைய திசை, புதிய திசையினால் குற்றமாகிவிடாது என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது.

அதே அத்தியாயத்திலே வேறோர் எச்சரிக்கையும் இடம்பெறுகிறது. முகத்தைக் கிழக்கே திருப்புவதும் மேற்கே திருப்புவதும் தாமாகவே நன்மை ஆகிவிடமாட்டா. இறைவனை நம்புதலும், அநாதைக்கும் வறியவருக்கும் வழிப்போக்கருக்கும் பொருள் ஈதலும், வாக்குறுதியைக் காத்தலுமே நன்மை என்று அது வலியுறுத்துகிறது. திசையைக் கட்டளையாக்கிய நூலே, திசையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதையும் அடுத்தடுத்துக் கூறிவிட்டது. பின்வந்த பதின்மூன்று நூற்றாண்டுகளின் விவாதங்களை விளங்கிக்கொள்ள இவ்விரண்டு கருத்துகளும் திறவுகோலாகும்.

நபிகளார் மறைந்து நூறு ஆண்டுகள் நிறைவதற்குள் முஸ்லிம்களின் ஆட்சி மேற்கே ஸ்பெயின் வரையும் கிழக்கே சிந்து நதி வரையும் பரவியது. சென்ற இடமெல்லாம் பள்ளிவாசல் எழுந்தது. எழுப்புவதற்கு முன்னர் திசை தெரிய வேண்டும். அக்காலத்து அரபியரிடம் கோள கணிதம் இல்லை. பாலைவனத்தில் இரவுப் பயணம் செய்து பெற்ற விண்மீன் அறிவு இருந்தது. கஃபாவின் அமைப்பே வானத்தோடு பொருந்தியது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அதன் நீண்ட பக்கங்கள் ஸுஹைல் எனும் விண்மீன் உதிக்கும் திசையை நோக்கியவை. தமிழர் அகத்திய விண்மீன் என வழங்குவது அதனையே. அதன் குறுகிய பக்கங்களோ கோடைகாலச் சூரியன் உதிக்கும் இடத்தையும் குளிர்காலச் சூரியன் மறையும் இடத்தையும் இணைக்கும் கோட்டிலே அமைந்தவை.

ஆகவே, ஈராக்கியர் கஃபாவின் வடகிழக்குச் சுவரின் முன் நிற்பவராகத் தம்மைக் கருதினர். அச்சுவரின் முன்னே நிற்பவர் நோக்குவது குளிர்காலச் சூரியன் மறையும் திசையை. ஈராக்கின் தொடக்ககாலப் பள்ளிவாசல்கள் சில அத்திசையையே கொண்டன. எகிப்தை வென்ற அம்ர் இப்னுல் ஆஸ் 642ஆம் ஆண்டளவில் புஸ்தாத் நகரிலே எழுப்பிய பள்ளிவாசல், குளிர்காலச் சூரியன் உதிக்கும் பக்கத்தை நோக்கியது. நபித்தோழர்கள் நின்று தொழுத திசை அதுவாகையால், எகிப்தியர் அதனைத் தோழர்களின் கிப்லா எனப் போற்றினர்.

வேறு சிலர் வேறு வழிகளைப் பின்பற்றினர். மத்திய ஆசியாவின் சமர்கந்து நகரிலே 11ஆம் நூற்றாண்டில் நிலவிய நிலை இதற்குச் சான்று. மதீனாவில் நபிகளார் தெற்கு நோக்கி நின்றதைப் பின்பற்றி ஷாஃபிஈ சட்டநெறியினர் நேர் தெற்கை விரும்பினர். மக்காவுக்குச் செல்லும் பாதை அந்நகரிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்படுவதால், ஹனஃபி சட்டநெறியினர் நேர் மேற்கை விரும்பினர். ஒரே ஊரில், ஒரே இடத்தை நோக்க விழைந்த இரு சாரார் செங்கோணம் அளவுக்கு விலகி நின்றனர். இருவரிடமும் பக்தி குறைவில்லை, அளவைதான் வேறு.

இக்குறையைப் போக்கியது கணிதம். ஓர் ஊரிலிருந்து மக்காவின் திசையைச் சரியாக அறிவதற்கு மூன்று அளவுகள் வேண்டும்: அவ்வூரின் அகலக்கோடு, மக்காவின் அகலக்கோடு, இரண்டிற்குமிடையே உள்ள நெடுங்கோட்டு வித்தியாசம். பூமி உருண்டையாதலால் இம்மூன்றையும் தட்டையான படத்தில் வைத்துக் கோடு கிழித்தால் விடை பிழைத்துவிடும். உருண்டையின் மேல் இரண்டு இடங்களை இணைக்கும் மிகக் குறுகிய வழியே மெய்யான திசை. அதனைக் கணிக்கும் முறையை 9ஆம் நூற்றாண்டு முதல் பக்தாதிலும் பிற நகரங்களிலும் வாழ்ந்த அறிஞர்கள் வளர்த்தனர். கோள முக்கோணங்களைப் பற்றிய கணிதம் அவர்கள் கையில் வளம் பெற்றதற்கு இத்தேவை ஒரு முக்கிய காரணமாயிற்று.

இத்துறையில் தனிச் சிறப்புப் பெற்றவர் அல்பிரூனி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த இவர், 1017இல் சுல்தான் மஹ்மூதினால் கஜினி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கஜினியின் கிப்லாவைத் துணிவதற்கென அவர் ஒரு தனி நூலையே எழுதி 1025இல் நிறைவுசெய்தார். அகலக்கோட்டை அறிவது எளிது. நண்பகற் சூரியனின் உயரமோ துருவ விண்மீனின் உயரமோ அதனைக் காட்டிவிடும். நெடுங்கோட்டை அறிவதுதான் அரிது. அதற்கு ஒரு வழி, சந்திர கிரகணத்தை இரு ஊர்களிலும் ஒரே வேளையிற் கண்டு, ஊர்நேரங்களின் வித்தியாசத்தைக் கணித்தல். 997ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு கிரகணத்தைக் குவாரிஸ்மிலிருந்து இளைஞரான அல்பிரூனியும் பக்தாதிலிருந்து அபுல் வஃபாவும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு நோக்கினர்.

கஜினிக்காக அவர் மேற்கொண்ட வழி இன்னும் பொறுமை வேண்டியது. வணிகக் கூட்டங்கள் நடந்த பாதைகளின் தூரங்களைத் திரட்டினார். பாதையின் வளைவு நெளிவுகளுக்காக அவற்றைக் குறைத்து, நேர்த்தூரமாக்கினார். ஊர்களின் அகலக்கோடுகளோடு அவற்றைச் சேர்த்து, ஊர் ஊராக நெடுங்கோட்டு வித்தியாசத்தைக் கணித்துப் பக்தாதிலிருந்து கஜினி வரையும் வந்தார். முடிவில் கிப்லாவை ஒரு முறையால் மட்டுமன்றிப் பல முறைகளாலும் கணித்து ஒப்பிட்டார். தொழுகையில் முகம் நோக்கும் ஒரு கோணத்துக்காக ஆசியாவின் அகலமே அளக்கப்பட்டது எனலாம்.

பின்வந்தவர்கள் இவ்வரிய கணிதத்தை மற்றவர்க்கும் எளிதாக்கினர். நஸீருத்தீன் தூஸி 13ஆம் நூற்றாண்டிலே ஒரு வழியை எடுத்துரைத்தார். ஆண்டில் இரண்டு நாள்களில் நண்பகற் சூரியன் மக்காவின் நேர் உச்சியில் நிற்கும். அவ்வேளை எங்கிருந்து சூரியனை நோக்கினாலும் அது மக்காவை நோக்கியதேயாகும். அந்நூற்றாண்டின் இறுதியில் யெமனை ஆண்ட அல் அஷ்ரஃப், காந்த ஊசியைக் கொண்டு கிப்லாவை அறியும் முறையை எழுதிவைத்தார். 14ஆம் நூற்றாண்டிலே டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிப்பவராயிருந்த அல் கலீலி, அகலக்கோடு 10 பாகை முதல் 56 பாகை வரையுள்ள ஊர்களுக்குக் கிப்லாவைக் காட்டும் அட்டவணையை அமைத்தார். அதிலே ஏறக்குறைய 3000 கோணங்கள் கணித்துத் தரப்பட்டுள்ளன. இலங்கைத் தீவு 10 பாகைக்குத் தெற்கே இருப்பதால் அந்த அட்டவணையின் எல்லைக்குச் சற்று வெளியே நின்றுவிட்டது.

அறிவு இவ்வளவு வளர்ந்த பின்னர், பழைய பள்ளிவாசல்கள் யாவும் திருத்தப்பட்டிருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கலாம். நிகழ்ந்தது அதுவன்று. ஸ்பெயினின் கொர்தோவா நகரிலே 785ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட பெரும் பள்ளிவாசல், சரியான கிப்லாவிலிருந்து ஏறக்குறைய 50 பாகை தெற்கே விலகியிருந்தது. 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டாம் அல் ஹகம் அதனை விரிவாக்க முற்பட்டபோது, கிழக்குப் பக்கமாகத் திருப்ப வேண்டுமென்று வானநூலார் கூறினர். அரசரும் அதற்கு இசைந்திருந்தார். ஆனால், நல்லோர் பலர் தலைமுறை தலைமுறையாக இத்திசையிலேயே தொழுதுள்ளனர் என்று சட்ட அறிஞர் ஒருவர் எடுத்துக்காட்ட, அரசர் தம் எண்ணத்தைக் கைவிட்டார் என வரலாற்றாசிரியர் மக்கரி கூறுகிறார். நூல்களைத் திரட்டுவதில் பெரும் ஆர்வம் கொண்ட அந்த அரசர், புதிய மிஹ்ராபைப் பழைய திசையிலேயே பொன்வண்ணச் சித்திரக் கற்களால் அலங்கரித்தார்.

கெய்ரோவில் வேறொரு தீர்வு பிறந்தது. அங்கு வானநூலார் கணித்த திசைக்கும் தோழர்களின் கிப்லாவுக்குமிடையே ஏறக்குறைய 10 பாகை வித்தியாசம் இருந்தது. நகரின் தெருக்களோ இரண்டையும் முழுதாகப் பின்பற்றவில்லை. கட்டடக் கலைஞர்கள் வெளிச்சுவரைத் தெருவின் கோட்டிலும் தொழுகைக் கூடத்தைக் கிப்லாவின் கோட்டிலும் அமைத்தனர். 1125இல் எழுந்த அல் அக்மர் பள்ளிவாசல் இவ்வகையில் முன்னோடியானது. வெளியே நிற்பவருக்குத் தெருவோடு ஒத்த முகப்புத் தெரியும். உள்ளே செல்பவர் சற்றே திரும்பி நடப்பதை உணர்வார். இரு கோடுகளுக்கும் இடையே எஞ்சிய ஆப்பு வடிவமான இடம் சுவரின் தடிப்பிலே மறைக்கப்பட்டது. ஊரின் ஒழுங்கும் குலையவில்லை; தொழுவோரின் திசையும் தவறவில்லை.

சட்ட அறிஞர்களும் இவ்விடயத்தை விரிவாக ஆராய்ந்தனர். கஃபாவைக் கண்ணாற் காண்பவர் அதனை நேராக நோக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. தொலைவில் உள்ளவர் கஃபாவின் நேர்கோட்டையே நாட வேண்டுமென ஷாஃபிஈ சட்டநெறி வற்புறுத்தியது. அதன் பக்கத்தை நோக்கினாற் போதுமென்று ஏனையோர் பெரும்பாலும் கருதினர். இருள் சூழ்ந்த இரவிலோ அறியாத நாட்டிலோ திசை தெரியாதவர், தம்மால் இயன்ற அளவு ஆராய்ந்து, மனம் துணிந்த பக்கத்தை நோக்க வேண்டும் என்பது யாவர்க்கும் பொது. ஆராயாமல் நிற்பது குற்றம். ஆராய்ந்தும் தவறுவது மன்னிக்கத்தக்கது என்பதே அவர்களிற் பெரும்பாலோர் கண்ட முடிவு. மதீனாவில் இறந்தோரைப் பற்றி அளிக்கப்பட்ட விடையின் எதிரொலி இங்கும் கேட்கிறது.

எனினும், நூலில் உள்ள பொறுமை எக்காலத்திலும் மக்களிடம் இருந்ததென்று கூறவியலாது. ஜாவாத் தீவின் யோக்யகார்த்தா நகரிலே 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது இதனை உணர்த்தும். அந்நகரின் கௌமான் பகுதியிலுள்ள பெரிய பள்ளிவாசல் நேர் மேற்கை நோக்கிக் கட்டப்பட்டிருந்தது. 1868இல் பிறந்த அஹ்மத் தஹ்லான் எனும் அறிஞர் மக்காவுக்குச் சென்று கற்று மீண்டவர். நேர் மேற்கு மக்காவின் திசையன்று, வடக்கே ஏறக்குறைய 24 பாகை திரும்ப வேண்டும் என்பதைக் கணிதத்தால் அவர் அறிந்தார். 1897, 1898ஆம் ஆண்டுகளிலே தம் தொழுகையிடத்திற்கு உலமாக்களை அழைத்து இதுபற்றிக் கலந்துரையாடினார். உடன்பாடு ஏற்படவில்லை.

சில நாள்களின் பின்னர், பெரிய பள்ளிவாசலின் தரையிலே தொழுகை வரிசைகளைத் திருத்திக் காட்டும் வெண்கோடுகள் வரையப்பட்டிருக்கக் காணப்பட்டன. பள்ளிவாசலுக்குப் பொறுப்பான சமயத் தலைவர் சினங்கொண்டார். கோடுகள் அழிக்கப்பட்டன. தஹ்லான் தமது சொந்தத் தொழுகையிடத்தைச் சரியான திசைக்கு மாற்றி அமைத்தபோது, அதனை இடித்துவிடுமாறு கட்டளை பிறந்தது. இலங்கையிலே தக்கியா என வழங்குவதை ஒத்த அச்சிறு கட்டடம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. மனமுடைந்த தஹ்லான் ஊரைவிட்டே செல்லத் துணிந்தார். உறவினர் தடுத்து, மீண்டும் கட்டித்தருவதாக உறுதி கூறினர். ஊரிலே தங்கிய அவர் 1912இல் முஹம்மதியா இயக்கத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடங்களையும் மருத்துவமனைகளையும் பெருமளவில் நடத்திவரும் பேரியக்கமாக அது வளர்ந்தது.

இடித்தவர்களின் கோபத்தையும் சிறிது நின்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். அவர்கள் எதிர்த்தது வெறும் 24 பாகையை அன்று. தம் தந்தையரும் பாட்டனாரும் வாழ்நாளெல்லாம் தொழுதது தவறான திசையிலோ என்ற வினாவே அந்த வெண்கோடுகளில் அவர்களைச் சுட்டது. மதீனாவிலே தோழர்களைக் கலங்கவைத்த அதே வினா அது. ஆனால், அவ்வினாவுக்கு அன்று அளிக்கப்பட்டிருந்த விடை அவ்வேளையில் அவர்கள் நினைவுக்கு வரவில்லை. முன்னோரின் தொழுகையைக் காப்பதற்கென ஒரு தொழுகையிடத்தை இடிக்க நேர்ந்தது வரலாற்றின் வருந்தத்தக்க முரண்.

காலம் அந்தப் பிணக்கையும் ஆற்றிவிட்டது. கௌமான் பள்ளிவாசலின் சுவர்கள் இன்றும் நேர் மேற்கையே நோக்கி நிற்கின்றன. உள்ளே தொழுகை வரிசைகள் சரிவாக, திருத்தப்பட்ட திசையிலே அமைந்துள்ளன. 2010ஆம் ஆண்டில் இந்தோனேசிய உலமாக்கள் பேரவை முதலில் மேற்கு எனத் தீர்ப்பளித்து, பின்னர் அதே ஆண்டிலேயே வடமேற்கு எனத் திருத்திக்கொண்டது. கட்டடங்களை இடிக்க வேண்டியதில்லை, வரிசைகளைத் திருப்பினாற் போதும் என்பதும் அப்போது எடுத்துரைக்கப்பட்டது. கெய்ரோவின் கட்டடக் கலைஞர் எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னரே கண்ட வழியும் ஏறக்குறைய இதுவே.

இலங்கைக்கும் ஜாவாவுக்கும் இதிலே எதிர்பாராத ஓர் ஒற்றுமை உண்டு. கொழும்பிலிருந்து கணித்தால் கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 25 பாகை விலகி அமைகிறது. யோக்யகார்த்தாவின் கிப்லாவும் அதே அளவினதே. யாழ்ப்பாணத்தில் அது ஏறக்குறைய 22 பாகை. தட்டையான உலகப் படத்தில் கொழும்பையும் மக்காவையும் கோடிட்டு இணைத்தால் 20 பாகைதான் தோன்றும்; உருண்டையின் கணிதமே எஞ்சிய 5 பாகையையும் காட்டும். கொழும்பிலிருந்து நேர் மேற்காக நோக்குபவரின் பார்வைக்கோடு சோமாலியாவையும் எதியோப்பியாவின் தென்பகுதியையும் கடந்து, மக்காவுக்குத் தெற்கே ஏறக்குறைய 1,800 கிலோமீற்றர் தொலைவிலே செல்கிறது. ஒரு பாகை பிசகினாலும் மக்காவை அணுகும்போது 70 கிலோமீற்றருக்கு மேல் விலக நேரும். அன்றாடப் பேச்சிலே மேற்கு என்று சுருக்கமாகக் கூறப்படும் திசையினுள் இவ்வளவும் அடங்கியுள்ளது.

கருவிகள் எவையும் இல்லாதவரும் இதனைச் சரிபார்க்கலாம். தூஸி எடுத்துரைத்த அந்த இரண்டு நாள்கள் மே மாதம் 27 அல்லது 28ஆம் தேதியும் ஜூலை மாதம் 15 அல்லது 16ஆம் தேதியுமாகும். இலங்கை நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை மாதத்தில் பிற்பகல் 2.57 மணிக்கும் சூரியன் மக்காவின் உச்சியில் நிற்கும். வெளியான இடத்திலே ஒரு கோலைச் செங்குத்தாக நாட்டி, அவ்வேளையில் அதன் நிழலைக் குறித்துக்கொண்டால், நிழலின் நுனியிலிருந்து கோலின் அடியை நோக்கும் திசையே கிப்லா. பேரறிஞரின் அட்டவணையும் சிற்றூர்ச் சிறுவனின் கோலும் ஒரே விடையைத் தரும் வேளை அது.

பூமியை விட்டு நீங்கிய மனிதனையும் இவ்வினா தொடர்ந்து சென்றது. 2007ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே மலேசிய விண்வெளி வீரர் ஷேக் முஸஃபர் ஷுக்கூர் பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் சென்றார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்திற்கு ஒருமுறை பூமியைச் சுற்றிவரும் அந்நிலையத்தில், தொழுகை முடிவதற்குள்ளேயே மக்காவின் திசை மாறிவிடும். மலேசிய உலமாக்கள் அவருக்கென வகுத்த நெறி எளிமையானது: இயலுமாயின் கஃபாவை நோக்குக, இயலாவிடின் அதற்கு நேர் மேலுள்ள வெளியை நோக்குக, அதுவும் இயலாவிடின் பூமியை நோக்குக, எதுவும் இயலாவிடின் இயன்ற பக்கத்தை நோக்குக. பாலைவனத்து இருளிலே வழிதவறிய பயணிக்குக் கூறப்பட்டதும் இதுவே.

குபாவின் அதிகாலை இருளில் தொழுகையை முறிக்காமலே திரும்பி நின்ற அந்த மக்களை மீண்டும் நினைத்துப் பார்த்தால் இவ்வரலாற்றின் பொருள் விளங்கும். சரியான திசை தெரிந்தவுடன் அவர்கள் தயங்கவில்லை. அதுவரை நின்ற திசைக்காக வெட்கப்படவும் இல்லை. அறிவு வளருந்தோறும் திசையைத் திருத்திக்கொள்வது கடமை. அவ்வறிவு வருமுன் உண்மையோடு தொழுது மறைந்தவரை மதிப்பதும் கடமை. இவ்விரண்டு கடமைகளையும் ஒருங்கே ஏற்ற இடங்களில் பள்ளிவாசல்கள் நிலைத்தன. வரிசைகள் மட்டும் அமைதியாகத் திரும்பின.